சேய்மையூர்களிற் பல்வைத்தியம்

பல்லிற் பற்றும் சூத்தை ஓரிரவில் விளைவதன்று. உண்ட சர்க்கரையை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்ற, அவ்வமிலம் மிளிரி எனப்படும் வன்மையான மேற்படையைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. பல மாதங்கள் நோவு தோன்றுவதில்லை. பள்ளம் உள்ளிறங்கி, நரம்பும் குருதிக்கலனும் அமைந்த மச்சையை நெருங்கிய பின்னரே வலி தொடங்கும். பள்ளம் சிறிதாயிருக்கையில் அதனைத் துப்புரவாக்கி அடைத்தல் எளிது. மச்சை பழுதுற்றபின்னரோ நீண்ட சிகிச்சை வேண்டும். அஃது இயலாவிடிற் பல்லைப் பிடுங்கவேண்டும். ஆலும் வேலும் பல்லைத் துலக்க உதவுமேயன்றி விழுந்த குழியை அடைக்கமாட்டா.

சேய்மையூர்களின் இடர்ப்பாட்டை விளக்குவது இவ்வியல்பேயாம். ஆண்டிற்கொருமுறை, சில நாட்களுக்கு மட்டும் பல்வைத்தியர் வந்துசெல்லும் ஊரில், அவர் வருமுன்னரே சிறு பள்ளங்கள் பெருங்குழிகளாகிவிடுகின்றன. காத்திருப்போர் பலர், நாட்களோ சில. ஆதலின், அடைக்கக் கற்றவர் பிடுங்குவதிலேயே பொழுதைக் கழிக்க நேர்கின்றது. இது வைத்தியரின் திறமைக்குறைவு அன்று. தொலைவினால் விளைந்த கேடு.

அலாஸ்காவின் மேற்கே யூக்கொன், கஸ்கோக்விம் என்னும் இரு பேராறுகளின் கழிமுகத்திற் பரந்துகிடக்கும் பழங்குடியினரின் சிற்றூர்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவற்றை வெளியுலகோடு இணைக்கும் தெருக்கள் இல்லை. விமானத்திலோ, கோடையிற் படகிலோ, மாரியிற் பனிவண்டியிலோதான் செல்லவேண்டும். மீனும் கடல்நாய் இறைச்சியும் உண்டு வாழ்ந்த முன்னோரிடையே சூத்தை அரிதாயிருந்தது. பிற்காலத்தில், வைத்தியரை அடிக்கடி கொண்டுவராத விமானம் சர்க்கரைப் பானங்களை மட்டும் தவறாது கொண்டுவந்தது.

இதற்குத் தீர்வு தேடியோர் நியூசிலாந்தை நோக்கினர். முதலாம் உலகப்போரிற் சேர்ந்த இளைஞரின் பற்கள் சீர்கெட்டிருந்தமை கண்டு, அந்நாடு தோமஸ் ஹண்டர் என்பாரின் முயற்சியால் 1921இல் வெலிங்டனில் இளம்பெண்களுக்கு ஈராண்டுப் பயிற்சியளிக்கத் தொடங்கியது. வைத்தியப் பட்டம் பெறாத இப்பல் தாதியர் பாடசாலைகளையே தம் பணிக்களமாகக் கொண்டு, சிறுவரின் பற்களைச் சோதித்தனர், அடைத்தனர், வேண்டியவிடத்துப் பிடுங்கினர். காலால் மிதித்துச் சுழற்றும் துளைகருவிக்கு அஞ்சிய மாணவர் அவ்விடத்தைக் 'கொலைக்கூடம்' என அழைத்தனர். அப்பெயர் நிலைத்தது போலவே பணியும் நிலைத்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியுடன் 1950களில் மகரகமையில் எழுந்த பயிற்சிப் பாடசாலையும் இம்மரபினதே.

2003இல் அலாஸ்காப் பழங்குடி இளைஞர் சிலர் இப்பயிற்சிக்கென நியூசிலாந்தின் ஒட்டாகோப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டனர். ஈராண்டு கற்று மீண்டோர், பல்வைத்தியர் ஒருவரின் நேர்ப்பார்வையிற் குறைந்தது 400 மணிநேரம் பணிபுரிந்த பின்னரே ஊர்களுக்குச் சென்றனர். தொலைவிலிருந்த வைத்தியருக்குக் கதிர்ப்படங்களை அனுப்பி ஆலோசனை பெறவும் வழியிருந்தது. ஆயினும் 2006இல் அமெரிக்கப் பல்வைத்தியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. உரிமம் இல்லாதார் பல்லைத் துளைத்தலும் பிடுங்கலும் மக்களுக்கு ஆபத்தென்பது அச்சங்கத்தின் வாதம். அவ்வாதத்தை வெறும் தொழிற்பொறாமை எனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஏழைக்கு இரண்டாந்தர வைத்தியம் போதும் என்னும் எண்ணம் எங்கும் எதிர்க்கத்தக்கதே. ஆனால், அவ்வூர்களில் வாழ்வோருக்கு அன்று கிடைத்த தேர்வு வைத்தியருக்கும் சிகிச்சையாளருக்கும் இடையேயானதன்று. சிகிச்சையாளருக்கும் வெறுமைக்கும் இடையேயானது. இதனைச் சங்கத்தார் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை என்றே கூறவேண்டும். 2007இல் நீதிமன்றம் சிகிச்சையாளரின் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே அலாஸ்காவிலும் பயிற்சி தொடங்கிற்று.

பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அக்கழிமுகத்தின் 10 ஆண்டுப் பதிவேடுகளை ஆராய்ந்தனர். சிகிச்சையாளர் மிகுதியான நாட்கள் பணியாற்றிய ஊர்களிற் சிறுவருக்கு முன்பற்களைப் பிடுங்குவது குறைந்தும், நோய் வருமுன் காக்கும் சிகிச்சை பெருகியும் இருந்தமை தெரியவந்தது. வளர்ந்தோரிடத்தும் பிடுங்கல் குறைந்தே காணப்பட்டது. சிகிச்சையாளர் பலர் அந்நிலத்தின் மைந்தர். நோயாளரின் பழக்கவழக்கங்களை அறிந்தவர். பால்போத்தலில் இனிப்பூட்டிக் கொடுக்கும் தாய்க்கு அதன் தீங்கை எடுத்துரைக்க, ஆண்டிற்கொருமுறை வரும் அந்நியரிலும் அவருக்கே வாய்ப்பு மிகுதி. எனினும் அவரது பணிக்கு எல்லையுண்டு. தாடையினுட் புதைந்த பல்லும் சிக்கலான வேர்ச்சிகிச்சையும் அவர் கைக்கு அப்பாற்பட்டவை. அத்தகைய நோயாளர் இன்றும் பெத்தெல் நகரத்து மருத்துவமனைக்கோ அதற்கு அப்பாலோ விமானமேறியே செல்கின்றனர்.