குறித்த வேகத்தில் வாகனம் உதறுவது ஏன்?

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு பழைய வானோ சிறிய லொறியோ பெரிய சொத்தாகும். வெங்காயமும் மிளகாயும் சந்தைக்குப் போவது அதில்தான். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். இரண்டு மூன்று குடும்பங்கள் பணம் போட்டு வாங்கியதாகவும் அது இருக்கலாம். மெதுவாக ஓடும்போது ஒழுங்காக இருக்கும் அந்த வாகனம் 70 கிலோமீற்றர் வேகத்தை எட்டியதும் உதறத் தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கராஜுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கிறோம். பணம் போய்விடுகிறது; உதறல் போவதில்லை.

உதறல் எந்த வேகத்தில் வருகிறது, எந்த இடத்தில் தெரிகிறது, என்ன செய்யும்போது கூடுகிறது ஆகிய மூன்றையும் அவதானித்தாலே குறையின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். இதற்குச் செலவில்லை.

வேகத்துக்கும் உதறலுக்கும் என்ன தொடர்பு?

ஒரு சில்லின் பாரம் சுற்றிவரச் சமமாக இருக்கவேண்டும். ஓரிடத்தில் 30 கிராம் கூடினாலும் அது சுழலும்போது சில்லை வெளிப்புறமாக இழுக்கும். 13 அங்குல றிம் உள்ள வானின் சில்லு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 11 தடவை சுற்றுகிறது. அப்போது றிம்மின் ஓரத்திலுள்ள அந்த 30 கிராம், 2 கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தைப் போல இழுக்கும். அதே சில்லு 35 கிலோமீற்றரில் ஓடும்போது இழுவை அரைக் கிலோ அளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். இதனால்தான் ஊருக்குள் தெரியாத குறை பெருந்தெருவில் தெரிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் சிறிய தள்ளலுக்கும் உயர எழும்பும்; போக்குத் தவறித் தள்ளினால் எழும்பாது. வாகனத்தின் வில்லுத் தகடுகளுக்கும் ஸ்ரியரிங் தொகுதிக்கும் அப்படி ஒரு சொந்த ஆட்டப் போக்கு உண்டு. சில்லின் சுழற்சி அதனுடன் ஒத்துவரும் வேகத்தில் உதறல் உச்சமாகும். அதைத் தாண்டினால் குறையலாம். அப்படிக் குறைந்தால் பிழை நீங்கிவிட்டதென்று நினைக்கவேண்டாம்.

ஏ-9 வீதி 2006 ஆவணியில் மூடப்பட்டு, 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் மீண்டும் திறக்கப்பட்டு, பின்பு காப்பெற் இடப்பட்டது. குண்டும் குழியுமான வீதியில் 30இல் ஓடிய வாகனங்கள் நல்ல வீதியில் 70இல் ஓடத் தொடங்கியபோது, முன்னரே இருந்த குறைகள் பல வெளியே தெரிந்தன.

மூன்று கேள்விகள்

*எந்த வேகத்தில்?* 10 முதல் 30 கிலோமீற்றருக்குள் வாகனம் ஏறி இறங்கி ஆடினால் றிம் வளைந்திருக்கும், அல்லது ரயரில் வீக்கம் இருக்கும். 60, 70இல் தொடங்கி மேலே போகப்போகக் கூடினால் சில்லின் பாரச் சமநிலையை முதலில் சந்தேகியுங்கள். வாகனம் நிற்கும்போதே எஞ்சினை இரைய விட்டால் உதறுகிறதா? அப்படியானால் சில்லைத் தொடவேண்டாம். எஞ்சினையும் அதனைத் தாங்கும் இறப்பர்களையும் பாருங்கள்.

*எந்த இடத்தில்?* ஸ்ரியரிங் கையில் துடித்தால் குறை பெரும்பாலும் முன் சில்லுகளில் இருக்கும். இருக்கையும் தளமும் அதிர்ந்தால் பின் சில்லுகளில் அல்லது கியர்ப் பெட்டியிலிருந்து பின்னுக்குப் போகும் நீண்ட தண்டில் இருக்கும்.

*என்ன செய்யும்போது?* பிறேக் பிடிக்கும்போது மட்டும் துடித்தால் பிறேக் ட்றம் அல்லது தட்டு சமனாக இல்லை. அக்சிலேற்றரை அழுத்தும்போது கூடி, விட்டதும் குறைந்தால் அந்த நீண்ட தண்டின் மூட்டுகளைச் சோதியுங்கள். பிறேக்குக்கும் அக்சிலேற்றருக்கும் சம்பந்தமில்லாமல் ஒரே வேகத்தில் எப்போதும் வந்தால் சில்லுதான் காரணம் என எண்ணலாம்.

விடைகளை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். வாகனத்தை ஓட்டுபவரே எழுதுவது நல்லது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்

செலவில்லாதவற்றை முதலில் செய்யுங்கள். ஒவ்வொன்றின் பின்பும் ஓட்டிப் பாருங்கள்.

1. *சேறு.* வயலுக்குள் இறங்கிய வாகனத்தின் றிம்மினுள் சேறு ஒட்டிக் காய்ந்துவிடும். ஒரு கைப்பிடிச் சேறு 30 கிராமைவிடப் பலமடங்கு பாரமானது. சில்லைக் கழற்றி உட்புறத்தைச் சுரண்டிக் கழுவுங்கள். பல உதறல்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

2. *நட்டுகள்.* எல்லா நட்டும் இருக்கின்றனவா, இறுகியிருக்கின்றனவா எனப் பாருங்கள். வட்டமாக ஒவ்வொன்றாக இறுக்காமல், ஒன்றை இறுக்கியபின் எதிர்ப்புறத்தில் உள்ளதை இறுக்குங்கள். கழற்றிப் பூட்டிய சில்லின் நட்டுகளை 50 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்கவேண்டும்.

3. *காற்றும் ரயரும்.* வாகனம் ஓடி ரயர் சூடாகுமுன் காற்றை அளவுங்கள். பின்பு ரயரைக் கையால் சுற்றிவரத் தடவிப் பாருங்கள். வீக்கமோ வெடிப்போ ஓரிடத்தில் மட்டும் தேய்வோ இருந்தால் கைக்குத் தெரியும். கம்பி வெளியே வந்திருக்கக்கூடும். ஆகவே தடித்த துணியைப் பிடித்துக்கொண்டு தடவுங்கள்.

4. *றிம் வளைவு.* சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக் போட்டு, மற்றச் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஜக்கினால் சில்லை உயர்த்தி, உறுதியான மரக்குற்றியைச் சட்டத்துக்குக் கீழே கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வாகனத்துக்குக் கீழே போகவேண்டாம். ஒரு கல்லின்மேல் ஆணியை வைத்து, அதன் முனை றிம்மைத் தொடாமல் மிக நெருங்கி நிற்கச்செய்து சில்லைச் சுழற்றுங்கள். ஆணிக்கும் றிம்முக்கும் இடையிலுள்ள வெளி 2 மில்லிமீற்றருக்கு மேல் கூடிக் குறைந்தால் றிம் வளைந்துள்ளது.

5. *தளர்வு.* உயர்த்திய முன்சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங்கில் குறை. நிற்காவிட்டால் சில்லைத் தாங்கும் மூட்டுகளில் குறை. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டமிருந்தால் ஸ்ரியரிங் மூட்டுகள் தேய்ந்துள்ளன.

6. *பாரம்.* பின்சில்லுகளால் ஓடும் வான்களில் முன்சில்லு தடையின்றிச் சுற்றும். அதைக் கையால் மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். நின்றதும் அடியிலுள்ள இடத்தில் வெண்கட்டியால் குறியிடுங்கள். நான்கைந்து தடவை செய்தும் குறி அடிக்கே வந்து நின்றால் அந்த இடத்தில் பாரம் கூட. இச்சோதனை பெரிய குறையை மட்டும் காட்டும். உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டும்.

நான்கு சில்லும் ஒரே அளவானால் இன்னொன்றும் செய்யலாம். முன்சில்லுகளைப் பின்னுக்கும் பின்சில்லுகளை முன்னுக்கும் மாற்றுங்கள். ஸ்ரியரிங்கில் இருந்த துடிப்பு இருக்கைக்குப் போனால் குறை சில்லில். ஸ்ரியரிங்கிலேயே நின்றால் மூட்டுகளையும் பிறேக்கையும் பாருங்கள்.

லான்ட்மாஸ்டருக்கும் அதன் பெட்டிக்கும் பாரச் சமநிலை பார்க்கப் பணம் செலவழிக்கவேண்டாம். அவை ஓடும் வேகத்துக்கு அது தேவையில்லை. அவை உதறினால் தளர்ந்த நட்டு, தேய்ந்த பெயரிங், வளைந்த அச்சு ஆகியவற்றைப் பாருங்கள்.

நீண்டகாலம் நின்ற வாகனம்

வளவுக்குள் மாதக்கணக்கில் நின்ற வாகனத்தின் ரயர் நிலத்தில் பட்ட இடம் தட்டையாகிவிடும். சில நாட்கள் நின்றதால் வந்த தட்டை, ஓடி ரயர் சூடானதும் சரியாகலாம். நெடுநாள் நின்று வந்தது சரியாகாது.

ரயரின் பக்கவாட்டில் சிறு வட்டக் கட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டவற்றில் மூன்று இலக்கங்களே உண்டு. பத்து வருடத்தைத் தாண்டிய ரயரைப் பூ தேயாதிருந்தாலும் பயன்படுத்தவேண்டாம். பழைய ரயர் வாங்கும்போது முதலில் இந்த இலக்கத்தைப் பாருங்கள்.

கராஜுக்குப் போகும்போது

சில்லின் பாரத்தைச் சமன்செய்வது பலன்சிங். சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது எலைன்மென்ற். இவை வெவ்வேறு வேலைகள். வாகனம் ஒரு பக்கம் இழுத்தால், ரயர் ஒரு ஓரம் தேய்ந்தால் எலைன்மென்ற் தேவை. குறித்த வேகத்தில் உதறினால் பலன்சிங் தேவை. எதைச் செய்யவேண்டும் என்பதை நீங்களே தெளிவாகச் சொல்லுங்கள்.

சில்லுகளைக் கழுவிக் கொண்டுபோங்கள். றிம்மில் ஏற்கனவே உள்ள ஈயக்கட்டிகளைக் கழற்றியபின் அளக்கச் சொல்லுங்கள். கட்டி பொருத்தியபின் மீண்டும் ஒருமுறை சுழற்றி, இயந்திரத்தில் இரு பக்கமும் பூச்சியம் வருவதை உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரே சில்லுக்கு மிக அதிகமான ஈயம் தேவைப்பட்டால் றிம்மிலோ ரயரிலோ வேறு குறை உண்டு. ஈயம் அதை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

உடனே நிறுத்தவேண்டிய நேரம்

உதறல் திடீரெனத் தொடங்கினால், நிமிடத்துக்கு நிமிடம் கூடினால், அல்லது டக் டக் என்ற சத்தத்துடன் வந்தால் சந்தைவரை போய்ப் பார்க்கலாம் என்று ஓடவேண்டாம். நட்டுகள் கழன்றிருக்கலாம், ரயரின் பூ பிரிந்துகொண்டிருக்கலாம். பாரத்துடனும் ஆட்களுடனும் ஓடும் வாகனத்தில் சில்லு கழன்றால் உயிர்களே போய்விடும். பிறேக்கைச் சடுதியாக மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். நான்கு சில்லுகளின் நட்டுகளையும் ரயர்களையும் பாருங்கள். றிம்மைத் தொடுமுன் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் அதன் பெயரிங் அல்லது பிறேக் இறுகியிருக்கிறது.

சந்தைக்குப் பிந்தினால் நட்டம் ஒரு நாளோடு போகும். பாரம் ஏற்றமுன் நட்டுகளையும் ரயர்களையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வாகனம் ஓட்டும் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கிவிடுங்கள்.