பூமிக்கடியிலுள்ள ஜலம் யாருடையது?

வற்றாத ஆறு ஒன்றேனும் செட்டிநாட்டில் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழும் சீமை அது. அதனாலேயே அங்குள்ள முன்னோர்கள் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, மழைநீர் வந்து சேர வரத்துக் கால்களும் அமைத்தார்கள். குடிதண்ணீர் ஊருணியில் கால் அலம்புகிறவனை ஊரார் சும்மா விடுவதில்லை. முற்றத்து ஓட்டுக்கூரையிலிருந்து விழும் மழையையும் அண்டாக்களில் பிடித்து வைத்தார்கள். காரைக்குடிவாசிகளுக்கோ சம்பை ஊற்று என்னும் பெரும் பேறு வாய்த்தது. அந்த ஜலத்தின் ருசியைப் பற்றி அவர்கள் பேசத் தொடங்கினால் எதிரிலிருக்கும் காப்பி ஆறிப்போகும்!

காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. வீடுகளும் விடுதிகளும் பெருகுகின்றன. கயிறு கொண்டு இறைத்த காலத்தில் மனிதனுடைய புஜபலமே ஒரு வரம்பாயிருந்தது. மின்சார மோட்டாருக்குக் களைப்பு ஏது? அடுத்த மனைக்காரர் நூறடி துளைத்தால் இவர் இருநூறடி துளைக்கிறார். ஆழம் போக வழியில்லாத ஏழையின் கிணறுதான் முதலில் வற்றுகிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1882ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மென்ட் சட்டம், திட்டமான கால்வழியின்றி நிலத்துக்கடியில் பரவியிருக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலச் சொந்தக்காரனுக்கு அளித்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான்; அவன் எழுதிவைத்த விதி போகவில்லை. ஜலமோ சர்வே கல்லைக் கண்டு நிற்பதில்லை. 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் செய்தார்கள். தமிழ்நாடு முழுவதற்குமாக 2003இல் நிறைவேறிய நிலத்தடி நீர்ச் சட்டம், அமலுக்கு வராமலே பத்து வருஷம் கிடந்து 2013இல் ரத்தாயிற்று. பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டுப் பால் ஊட்டாத கதைதான். அதே 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். வரவுக்குச் சட்டம் நடந்தது. செலவுக்கான சட்டம் நடக்கவில்லை. கணக்கு எழுதுவதில் பேர்போன செட்டிநாட்டார் இதை எப்படிச் சகித்தார்களோ!

விவசாயிகளை இது நசுக்கிவிடும் என்று ஆட்சேபிப்பார்கள். நியாயமான கவலையே. அனுமதிச் சீட்டுக்காகக் குடியானவன் தாலுகாக் கச்சேரியில் கைகட்டி நிற்பதை நாமும் விரும்பவில்லை. ஆகவே, வரம்பு முதலில் லாரியில் ஏற்றி விற்பவர்கள் மீதும் ஆலைகள் மீதும் விழட்டும். சம்பை போன்ற பொது ஊற்றுகளைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் புதிதாக ஆழ்துளைக் கிணறு கூடாதென்று விதிக்கட்டும். கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து பஞ்சாயத்து வாசலில் எழுதிப் போடட்டும். அளவைக் கண்ணால் கண்ட பிறகு, வயலுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்பதைக் குடியானவர்களே கூடிப் பேச முன்வருவார்கள். இத்தகைய மசோதா ஒன்றைச் சட்டசபையில் கொண்டுவரும்படி வற்புறுத்துவதில் சிவகங்கை ஜில்லா அங்கத்தினர்கள் முந்திக்கொள்ள வேண்டும்.