முறைக்காய்ச்சலும் மின்பழுதும்

பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களின் பழைய வரலாற்றை அறிந்தோர் முறைக்காய்ச்சலை மறந்திருக்கமாட்டார்கள். ஒரு நாள் உடல் நடுங்கிக் கொதிக்கும். மறுநாள் நோயாளி எழுந்து பால்மரம் வெட்டப் போவான். அதற்கடுத்த நாள் மீண்டும் பாயில் விழுவான். காய்ச்சல் இல்லாத நாளில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர்க்கு நோய் நீங்கிவிட்டது போலவே தோன்றும். ஆனால் நோயின் வித்து குருதியில் இருந்துகொண்டேதான் இருக்கும். 1880-ஆம் ஆண்டில் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அவ்வித்தைக் குருதியில் கண்டார். 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அதன் பின்னரே முறைவைத்து வரும் காய்ச்சலின் மர்மம் விலகிற்று.

மின்சாரத்திலும் ஒரு முறைக்காய்ச்சல் உண்டு. காரின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மின்பொறியில் அதனைத் தெளிவாகக் காணலாம். காருக்கு மலேசியத் தமிழர் வழங்கும் பெயர் காடி. பொறியைப் பழுது பார்ப்பவர் போமன். மின்வேலை செய்பவர் வயர்மேன். தாப்பாப் பகுதியில் முன்பு தோட்டமாக இருந்த இடத்திலிருந்து ஒருவர் நாள்தோறும் ஈப்போவுக்கு வேலைக்குச் செல்கிறார் என்று கொள்வோம். சுங்கச்சாவடியில் அட்டையை நீட்டக் கண்ணாடியை இறக்குகிறார். அது ஏற மறுக்கிறது. மாலை மழை உள்ளே அடிக்கிறது. மறுநாள் வயர்மேனிடம் காட்டும்போதோ, கண்ணாடி ஒரு குறையுமின்றி ஏறி இறங்குகிறது. ‘மோட்டார் பழசாகிவிட்டது’ என்று புதிய மோட்டார் பூட்டப்படுகிறது. பத்து நாள் கழித்துப் பழைய கதை திரும்புகிறது. பணம் போயிற்று, பழுது போகவில்லை.

1940-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேக்கார்டு நிறுவனம் விலையுயர்ந்த கார்களில் புகுத்திய இவ்வசதி, அன்று செல்வர்க்கே உரியதாக இருந்தது. மலேசியாவில் 1985-இல் புரோட்டான் சாகா வெளிவந்தபின் உழைப்போர் வீடுகளிலும் காடி நுழைந்தது. நாளடைவில் மின்கண்ணாடியும் எளியவர்க்கு எட்டிற்று. புரோட்டான் காடியின் கண்ணாடியைப் பற்றி நாட்டில் நெடுங்காலம் கேலிப்பேச்சு ஒன்று வழங்கியதும் பலர் அறிந்ததே. கேலியை விடுத்துக் காரணத்தை நோக்கினால், ஈரமும் வெயிலும் நாட்பட்ட உழைப்பும் எந்த நிறுவனத்துக் காடிக்கும் பொது என்பது விளங்கும்.

கண்ணாடியை ஏற்றும் பொறி

கதவின் உள்ளே ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் கண்ணாடி ஏறும். திசை மாறிப் பாய்ந்தால் இறங்கும். மோட்டாருக்குச் செல்லும் கம்பிகள் இரண்டு. பல கார்களில், சுவிட்ச் சும்மா இருக்கும்போது இவ்விரண்டும் பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்திருக்கும். சுவிட்சை அழுத்தினால் அவற்றுள் ஒன்று மட்டும் நேர்முனைக்கு மாறும். மற்றது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியாக நிற்கும்.

இங்கே அறியத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஓட்டுநரின் கதவில் நான்கு கண்ணாடிகளுக்குமுரிய தலைமைச் சுவிட்ச் இருக்கிறது. இவ்வகைக் கார்களில் பின்னிருக்கைப் பயணி தம் கதவிலுள்ள சுவிட்சை அழுத்தினாலும், திரும்பும் மின்னோட்டம் ஓட்டுநர் கதவிலுள்ள தலைமைச் சுவிட்ச் வழியாகவே செல்கிறது. ஆதலின் அங்கே ஒரு தொடுமுனை கரிந்தாலும், பாசிபிடித்தாலும், பின்கதவின் கண்ணாடி அசையாது. நோய் ஓரிடம், வலி வேறிடம். பின்கதவைக் கழற்றி மோட்டாரை மாற்றுபவர் ஏமாறுவது இதனால்தான்.

பழுது தங்கும் இடங்கள்

முதலிடம் கதவுக்கும் உடற்கூட்டுக்கும் நடுவே, கீலருகில் உள்ள ரப்பர்க் குழல். கதவைத் திறக்குந்தோறும் மூடுந்தோறும் அதனுள் செல்லும் கம்பிகள் மடங்கி நிமிர்கின்றன. ஒரு கம்பி என்பது உண்மையில் பல செப்பு இழைகளின் கற்றை. ஆண்டுகள் செல்லச் செல்ல இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலுறை மட்டும் அறாமல் நிற்கும். பார்வைக்குக் கம்பி முழுமையாகவே தோன்றும். அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடும்போது மின்னோட்டம் பாயும்; கதவு சற்றே அசைந்து முனைகள் விலகினால் நின்றுவிடும். 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு ரப்பர் வரலாற்றில் இடம் பெற்ற மாநிலத்தில், பழுது ஒளிந்துகொள்ளும் இடமும் ரப்பருக்குள்ளேயே இருப்பது வியப்புத்தான்.

இரண்டாமிடம் நீர் நிற்கும் இணைப்புகள். கதவு நீர் புகாத பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர்; அது பிழை. கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவினுள் இறங்கவே செய்யும். அடிப்புறத் துளைகள் வழியே அது வெளியேற வேண்டும் என்பதே அமைப்பு. உட்பலகைக்குப் பின்னே ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாள் அந்நீரை உள்ளே தெறிக்காமல் தடுக்கிறது. செம்மண் சாலையின் புழுதியும் சேறும் துளைகளை அடைத்தாலோ, முன்பு பழுது பார்த்தவர் தாளைக் கிழித்து அப்படியே விட்டாலோ, ஈரம் இணைப்புகளில் தங்கிப் பச்சைக் களிம்பை உண்டாக்கும். பிற்பகல் இடிமழைக்குப் பேர்போன கிந்தாப் பள்ளத்தாக்கில் இது அரிய நிகழ்ச்சி அன்று.

மூன்றாமிடம் மோட்டார் தானே. அதனுள் வெப்பக் காவல் ஒன்று உண்டு. மோட்டார் மிகச் சூடேறினால் அது மின்னோட்டத்தைத் துண்டிக்கும். ஆறியபின் தானே மீண்டும் சேர்க்கும். கண்ணாடி ஓடும் ரப்பர்ச் சட்டம் வெயிலில் காய்ந்து இறுகினால் மோட்டார் திணறுகிறது, சூடேறுகிறது, நிற்கிறது. கால்மணி நேரம் கழித்து ஒன்றும் நடவாதது போல் ஓடுகிறது. இங்கே மோட்டார் குற்றவாளி அன்று, சட்டமே குற்றவாளி. மோட்டாரினுள் பிரஷ் எனப்படும் கரித்துண்டுகள் தேய்ந்திருந்தாலும் பழுது வந்து வந்து போகும். கதவை ஒரு தட்டுத் தட்டினால் மோட்டார் உயிர்பெறுமாயின் இவற்றை ஐயுறலாம்.

அளவுகோல் சொல்லும் அரையுண்மை

வயர்மேன் மின்னழுத்தமானியை எடுத்து மோட்டாரின் இணைப்பைக் கழற்றி அளக்கிறார். அது 12 வோல்ட் காட்டுகிறது. ‘மின்சாரம் சரியாக வருகிறது, எனவே மோட்டார்தான் கெட்டது’ என்று முடிவு கட்டுகிறார். தவறு நிகழும் இடம் இதுவே.

தோட்டத்து லயங்களில் பொதுக்குழாயை நம்பி வாழ்ந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். குழாயினுள் துரு அடைத்து, ஊசித்துளை அளவே வழி இருக்கிறது. குழாய் மூடியிருக்கும்போது அதன் வாயில் நீரின் அழுத்தம் முழுமையாகவே இருக்கும். திறந்தால்தான் உண்மை தெரியும்; நீர் சொட்டுச் சொட்டாக வடியும். வாளி நிறையாது.

மின்கம்பியிலும் அப்படியே. ஓர் இணைப்பில் அரை ஓம் அளவு தடை தோன்றிவிட்டது என்று கொள்வோம். மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கும்போது, அந்த இணைப்பிலேயே 4 வோல்ட் செலவாகிவிடும். 12 வோல்ட்டில் மோட்டாருக்கு எட்டுவது 8 மட்டுமே. செலவான மின்திறன் 32 வாட் வெப்பமாகி இணைப்பையே கருக்கும். கருகக் கருகத் தடை மேலும் வளரும். ஆனால் மின்னழுத்தமானியோ ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். அச்சிறு ஓட்டத்திற்கு அரை ஓம் தடை ஒரு தடையே அன்று. ஆகையால் கருவி 12 வோல்ட் என்று காட்டுகிறது. கருவி சொல்வது பொய்யன்று. கேட்ட கேள்விதான் பிழை.

சரியான கேள்வி இது: வேலை நடக்கும்போது மின்னழுத்தம் எங்கே இழக்கப்படுகிறது? மோட்டாரின் இணைப்பைக் கழற்றாமல், மானியின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும், மற்றதை மோட்டாருக்கு மின்சாரம் வந்து சேரும் இடத்திலும் வைத்துச் சுவிட்சை அழுத்த வேண்டும். இப்போது தெரியும் அளவே வழியில் ஏற்பட்ட இழப்பு. நல்ல நிலையில் அது ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். பல வோல்ட் தெரிந்தால் வழியில் தடை இருக்கிறது. கம்பி முற்றும் அறுந்திருந்தால் 12 வோல்ட்டும் அங்கேயே தெரியும். இரண்டாம் முனையை மோட்டாரிலிருந்து பேட்டரியை நோக்கி ஒவ்வோர் இணைப்பாகப் பின்னுக்கு நகர்த்தினால், எந்த இணைப்பைக் கடந்தவுடன் இழப்பு சட்டெனக் குறைகிறதோ, அங்கே பழுது இருக்கிறது. மோட்டாரிலிருந்து எதிர்முனைக்குத் திரும்பும் வழியையும் இவ்வாறே அளக்க வேண்டும். பாதி வயர்மேன்கள் மறப்பது இந்தத் திரும்பும் வழியையே.

கருவிக்கு முன் கேள்வி

கருவியைத் தொடுமுன் கேட்கத்தக்கவை சில உண்டு. நான்கு கண்ணாடிகளும் ஒருங்கே நிற்கின்றனவா? ஆம் எனில், நான்கிற்கும் பொதுவான பியூஸ், ரிலே, தலைமைச் சுவிட்சுக்கு வரும் கம்பி ஆகியவற்றை நோக்க வேண்டும். ஒன்று மட்டும் நிற்கிறதா? அக்கதவையும், அதற்குரிய தலைமைச் சுவிட்சின் பகுதியையும் நோக்க வேண்டும். இறங்குகிறது, ஆனால் ஏறும் சுவிட்சுக்கு மோட்டார் ஓசையே இல்லையா? மோட்டாரை நோக வேண்டியதில்லை. இரு திசைக்கும் மோட்டார் ஒன்றே, கம்பிகளும் அவையே. ஆதலின் குறை பெரும்பாலும் சுவிட்சில் இருக்கும். ஓசை கேட்டும் ஏறவில்லையெனில், குறை இறுகிய சட்டத்திலோ கண்ணாடியைத் தூக்கும் கம்பிவடத்திலோ இருக்கலாம். கதவைத் திறந்து வைத்தால் ஓடி, மூடினால் நிற்கிறதா? கீலருகேயுள்ள கம்பியே காரணம். மழைக்குப் பின்னா, வெயிலில் நின்ற பின்னா, பலமுறை ஏற்றி இறக்கிய பின்னா?

இக்கேள்விகளுக்கு விடை வயர்மேனிடம் இல்லை, காடிக்காரரிடமே இருக்கிறது. பழுது நேர்ந்த நாள், நேரம், மழை, கதவின் நிலை ஆகியவற்றை ஒரு சிறு ஏட்டில் அவர் குறித்து வந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்த நிலையைப் பட்டறையில் வேண்டுமென்றே உண்டாக்குவது. சுவிட்சை அழுத்தியபடியே கதவை மெல்ல அசைப்பதும், ரப்பர்க் குழலை வளைப்பதும், கண்ணாடியைப் பலமுறை ஓட்டி மோட்டாரைச் சூடாக்குவதும் இதற்கான வழிகள். ஓடிவிட்டது என்பதால் காடியைத் திருப்பி அனுப்புவது, காய்ச்சலில்லாத நாளில் மருத்துவர் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது போன்றதாகும்.

செப்பனிடுதல்

அறுந்த கம்பியைக் குழலுக்குள்ளேயே முறுக்கி நாடா சுற்றுவது சில நாளைக்கே நிற்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும், விறைத்த அவ்விடத்தை அடுத்துக் கம்பி மீண்டும் அறும். மடங்கும் பகுதி முழுவதற்கும் நெகிழ்வான புதிய கம்பியிட்டு, இணைப்புகளைக் கதவுக்குள்ளும் உடற்கூட்டுக்குள்ளுமாக மடங்காத இடங்களில் அமைப்பதே முறை. வேலை முடிந்தபின் பிளாஸ்டிக் தாளை மீண்டும் ஒட்டி, அடித்துளைகளைத் துப்புரவு செய்ய வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூசைப் போடுவது தீக்கு வழிதேடுவதாகும். பாதுகாப்புக் காற்றுப்பைகளுக்குரிய கம்பிகளில் சோதனை விளக்கைத் தொடவே கூடாது. புதிய கார்களில் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவே சிறு கணிப்பொறி அமர்ந்திருப்பதால் அவ்வக் காருக்குரிய வரைபடம் வேண்டும். ஆயினும் இழப்பைத் தேடும் முறை மாறுவதில்லை.

கண்ணாடிதானே என்று இதனை எளிதாகக் கருதுவதற்கில்லை. திடீர் வெள்ளத்தில் கார் அமிழுமாயின், நீர் உயருமுன் கண்ணாடியைத் திறப்பதே உயிர் தப்பும் வழி. அன்று பழுது தலைகாட்டினால் இழப்பு பணத்தோடு நில்லாது. தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீட்டுமனையாகவும் மாறியபின் நகரம் புகுந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பட்டறைகளில் தொழில் பழகுகின்றனர். பொருளை மாற்றிப் பார்ப்பதை மட்டும் கற்றவன் பிறர் பணத்தில் ஊகம் செய்கிறான். காரணம் தேடக் கற்றவனோ எந்தப் பொறிக்கும் அஞ்சான்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவர்க்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். நோய் இன்னதென்று தெளிதல் முதல், அதன் காரணம் காணுதல் அடுத்தது, தணிக்கும் வழியை ஆராய்தல் அதன்பின், கைவைத்தல் கடைசி. பட்டறையில் பெரும்பாலும் கடைசிப்படியே முதற்படியாகிவிடுகிறது. வகுப்பறையில் அக்குறளை நடத்தும் ஆசிரியர், மருத்துவமனையோடு பட்டறையையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஏறாத ஒரு கண்ணாடியைக் கொண்டே மாணவர்க்கு அந்த ஒழுங்கின் பயனை விளக்கிவிட முடியும்.