தெளிந்த நீரும் நஞ்சும்

நாற்புறமும் கடல் சூழ்ந்திருந்தும் தீவில் வாழ்வோர்க்குக் குடிநீர் அரிது. சாத்தம் தீவிலிருந்து பாலத்தைக் கடந்தால், 2024 வரை போர்ட் பிளேயர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரம். அந்நகரின் குடிநீருக்கு மழையே முதல். பெய்யும் மழையைத் தனிக்காரி அணை தேக்கி வைக்கிறது. இவ்வாறு தேங்கி நிற்கும் நன்னீர் எதற்கும் ஒரு பகை உண்டு. அதுவே நீலப்பச்சைப் பாசி.

பெயரில் பாசி எனினும், இது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். அறிவியலார் இதனைச் சயனோபாக்டீரியா என்பர். வெயிலும், அசையாத நீரும், உரத்திலும் கழிவுநீரிலும் உள்ள பாஸ்பரசும் ஒன்றுசேர்ந்தால், இது சில நாள்களில் பெருகிப் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் நீர்ப்பரப்பை மூடிவிடும். இதன் சில வகைகள் நஞ்சை உண்டாக்குகின்றன.

இப்பாசியை அழிக்க மயில்துத்தம் எளிய மருந்தாகக் கருதப்பட்டது. இது செம்பிலிருந்து பெறப்படும் நீலநிற உப்பு. நீர்த்தேக்கங்களில் இதனை இடும் முறையை 1904ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டது. விலை குறைவு; சிறிதளவே போதும். ஆகவே பல நாடுகளிலும் இம்முறை பரவியது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் பாம் தீவு உள்ளது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். அவர்களுக்குச் சாலமன் அணை குடிநீர் வழங்கியது. 1979ஆம் ஆண்டு அந்நீரில் வாடையும் சுவைக்கேடும் இருப்பதாக மக்கள் முறையிட்டனர். பாசியே காரணம் என்று கண்டு, அணையில் மயில்துத்தம் இட்டனர். சில நாள்களில் குழந்தைகள் வாந்தியெடுத்தனர், கல்லீரல் வீங்கியது, பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோயுற்ற 148 பேரில் 138 பேர் குழந்தைகள். நல்வாய்ப்பாக எவரும் இறக்கவில்லை.

காரணம் முதலில் புலப்படவில்லை. குழந்தைகள் தின்ற மாங்காய் மீதுகூடப் பழி விழுந்தது! பின்னர் ஆராய்ந்தபோது, அணை நீரைப் பருகியவர்களே நோயுற்றனர் என்பதும், வேறு நீரைப் பயன்படுத்திய வீடுகளுக்கு நோய் வரவில்லை என்பதும் தெரிந்தன. அந்த நஞ்சு இன்னதென்று 1992ஆம் ஆண்டில்தான் அறியப்பட்டது.

நடந்தது இதுதான். பல வகைப் பாசிகளில் நஞ்சின் பெரும்பகுதி, மூடிய குடத்துள் இருப்பதுபோல் உயிரணுவுக்குள் அடங்கியிருக்கும். மயில்துத்தம் அக்குடத்தை உடைக்கிறது. பாசி மடிகிறது, நீர் தெளிகிறது, ஆனால் உள்ளிருந்த நஞ்சு ஒரே நேரத்தில் நீரில் கலக்கிறது. உயிரணுவைத் தடுத்துவிடும் மணல் வடிகட்டி, கரைந்த நஞ்சைத் தடுப்பதில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் நஞ்சு நீங்காது.

மயில்துத்தத்தில் வேறொரு குறையும் உண்டு. செம்பு அழிவதில்லை, அடிச்சேற்றில் தங்கிவிடும், அளவு மிகுந்தால் மீன்களும் மடியும். எனவே 2009ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ஓர் ஏரி முழுவதற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இடப்பட்டது. அது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து மறைந்துவிடும். ஆயினும் அதுவும் உயிரணுவை உடைப்பதே.

வீடுகளில் கலங்கல் நீரைத் தெளிவிக்கும் படிகாரம் இதனினும் மென்மையானது. அது பாசியைப் பெரும்பாலும் உடைக்காமலே திரட்டி அடியில் படியச் செய்கிறது. கரைந்துவிட்ட நஞ்சைச் செறிவூட்டிய கரி ஈர்த்துக்கொள்ளும். கொல்லும் மருந்தை இட்டே ஆகவேண்டும் எனில், பாசி பெருகும் முன்பே இடுதல் வேண்டும். இட்ட பின், நீரில் நஞ்சு இல்லை எனச் சோதித்து அறியும்வரை அந்நீரைக் குழாய்களுக்கு விடலாகாது.