கரையேறிய பிறகு வரும் வலி

பத்தாம் வகுப்பில் ‘கரைசல்கள்’ பாடம் நடத்தும்போது ஒரு சோடா பாட்டிலை வகுப்புக்கு எடுத்துச் செல்வது என் வழக்கம். மூடியிருக்கும்போது உள்ளே குமிழி தெரியாது, திறந்ததும் பொங்கும். அழுத்தம் குறைந்தால் கரைந்த வாயு வெளியேறும் என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன். சென்ற ஆண்டு அப்படிப் போக முடியவில்லை. எங்கள் பள்ளி இருப்பது தூத்துக்குடிக் கடலோரம். சங்கு குளிக்கப் போகும் ஒருவரின் மகள் எழுந்து, “டீச்சர், எங்கப்பா சிலிண்டர் மாட்டிட்டு உள்ள போறாங்களே, அவங்க ரத்தத்துலயும் இப்படிப் பொங்குமா?” என்று கேட்டாள். முந்தைய வாரம் அவள் அப்பா இரவெல்லாம் தோள்வலியில் தூங்கவில்லையாம். தைலம் தேய்த்து விட்டிருக்கிறார்கள்.

பொங்கும் என்பதுதான் பதில். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. ஆக்சிஜனை உடல் பயன்படுத்திக்கொள்ளும். நைட்ரஜனை அப்படிச் செலவழிக்க வழியில்லை. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியே வெளியேறிவிடும். விரைந்து வந்தால் இருந்த இடத்திலேயே குமிழியாகும். மூட்டில் என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் கால் மரத்துப்போகும், சிறுநீர்கூடப் பிரியாமல் போகலாம். 19ஆம் நூற்றாண்டில் பாலங்களுக்கு அடித்தளம் தோண்ட, அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் ஆற்றடியில் வேலை செய்தவர்களுக்கும் இதே நோய்தான். நியூயார்க் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே இதனால் முடங்கினார். 1908இல் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, நிறுத்தி நிறுத்தி மேலேறும் அட்டவணைகளை வெளியிட்டார். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நில் என்று ஸ்கூபா பயிற்சியில் இன்று சொல்வது அந்த வழியில் வந்ததே.

பாயில் விதியும் இங்கே உதவியது. 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்கு இடம் கேட்கும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்து, காற்று மூளைக்குப் போகலாம். மேலே வந்த சில நிமிடங்களில் ஒருவர் மயங்கினாலோ பேச்சு குழறினாலோ காரணம் இதுவாக இருக்கக்கூடும். சிலிண்டர் இல்லாமல் குளித்த தாத்தாக்களுக்கு ஏன் இப்படி நுரையீரல் கிழியவில்லை என்று கேட்டேன். மேலிருந்து கொண்டுபோன காற்று மேலே வந்ததும் பழைய அளவுக்குத்தானே திரும்பும் என்று பின் வரிசையிலிருந்து பதில் வந்தது. அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த மிக நல்ல விடை அது.

நீருக்குள் காது வலித்தால் அங்கேயே நின்று சற்று மேலே வர வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. இவை அவர்களுக்குத் தெரிந்தவை. கரையேறிச் சில மணி நேரம் கழித்தும் நோய் தொடங்கலாம் என்பதுதான் தெரியாதது. குளித்த 24 மணி நேரத்துக்குள் மூட்டுவலி, ஊறல், மரமரப்பு, தலைச்சுற்றல், தோலில் திட்டுத் திட்டான தடிப்பு, வழக்கத்துக்கு மாறான அசதி எது வந்தாலும் தைலத்தோடு நிறுத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறல், கை கால் பலவீனம், மயக்கம் என்றால் உடனே 108. அதுவரை படுக்க வைத்து, கிடைத்தால் ஆக்சிஜன் கொடுக்கலாம். வலி குறைய மறுபடி கடலில் இறக்கும் பழக்கம் ஆபத்தானது. வலி தானாக அடங்கினாலும் மருத்துவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. குளித்த செய்தியை முதலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சுளுக்கு என்றே நினைக்கத் தோன்றும்.

அன்று முதல் அந்த மாணவி வீட்டுக் காலண்டரில் அப்பா இறங்கிய ஆழம், எத்தனை முறை, கரையேறிய மணி ஆகியவற்றைக் குறித்து வந்தாள். பொங்கல் கழிந்து ஒருநாள் மாலை அவருக்கு இடது கால் மரத்தது. தாளைக் கிழித்துக்கொண்டு கூடவே போயிருக்கிறாள். மருத்துவர் அதைப் படித்துவிட்டு உடனே ஆக்சிஜன் வைத்து, அழுத்த அறைச் சிகிச்சைக்கு அனுப்பி வைத்தார். மதிப்பெண் பட்டியல் வாங்க அவரே நடந்து வந்தார். இடது பாதத்தில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு இருக்கிறது என்றார்.