சாய்ந்த கொட்டை எழுத்து

தீபாவளி நெருங்கினால் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனுக்குத் துணிமணி வாங்கப் போவார்கள். மார்க்கெட் தெருவிலும் பினாங்கு தெருவிலும் கடைக்குக் கடை தட்டிகள் தொங்கும். ‘மாபெரும் மலிவு விற்பனை’ என்ற சொற்கள் பருத்து, வலப்பக்கம் சாய்ந்து, ஓடி வருவதுபோல் தெரியும். நேயர்களே, இந்தச் சாய்ந்த கொட்டை எழுத்தின் குணம் என்ன, அது எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்று இன்று பார்ப்போம்.

நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறினார்கள். கீறலில் தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற பேதம் ஏது? ஓலை கிழியுமென்று புள்ளியைக்கூட விட்டுவிடுவார்கள். தடிப்பு நமக்கு அச்செழுத்தோடும் பலகை எழுதுவோரின் தூரிகையோடும் வந்தது. சாய்வெழுத்து பிறந்தது இத்தாலியில். வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ், கையெழுத்தைப் போன்ற சாய்ந்த எழுத்தில் 1501-இல் வர்ஜில் என்ற கவிஞரின் நூலை அச்சிட்டார். எழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அன்று அது அடக்கமான மெல்லிய எழுத்து. அதைப் பருக்கவைத்தது 19-ஆம் நூற்றாண்டு லண்டன் சுவரொட்டி வியாபாரம்.

சாய்வு வேகத்தைக் காட்டும். தடிப்பு உரக்கக் கூவும். கூவுவதற்கு இரண்டு மூன்று சொற்கள் போதும். பக்கம் முழுவதும் கூவினால் காது அடைத்துவிடும்.

தமிழுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. ஆங்கிலச் சாய்வெழுத்துக்குத் தனி வடிவம் உண்டு. தமிழிலோ பெரும்பாலும் நேர் எழுத்தையே கணினி ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. டகரமும் பகரமும் காற்றில் சரிந்த வேலிபோல ஆகிவிடும். கூடவே தடிப்பையும் ஏற்றினால் சுழிகள் அடைபடும். மூன்று சுழி ணகரமா, இரண்டு சுழி னகரமா? ‘பணி’ எது, ‘பனி’ எது? மலிவுத் தாளில் மை பரவினால் புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சரளமாகப் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும், வயதான பின் படிக்கக் கற்ற பாட்டியும் என்ன செய்வார்கள்?

தேர்ந்த எழுத்து வரைஞர் இப்படித் தள்ளிவிடமாட்டார். சுழியின் வயிற்றைத் திறந்துவைத்து, ஒவ்வோர் எழுத்தையும் புதிதாகவே வரைவார். அதற்குப் பொறுமை வேண்டும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கியவர். அவர் வரைந்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது.

தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குத் தோட்டத்திலிருந்து பஸ் போவதாக ஓர் அறிக்கை அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘தைப்பூசம்’ என்ற தலைப்பு சாய்ந்து பருத்து நிற்கட்டும், அழகுதான். நாள், நேரம், பஸ் நிற்கும் இடம் ஆகியவை நேராகவே நிற்கவேண்டும்.

மருந்து ஸ்டோர் கதவில் எழுதுவது இதைவிட முக்கியம். பாராகுவாட் களைக்கொல்லியை நம் நாடு 2020-இல் தடைசெய்துவிட்டது. ஆனாலும் ஸ்டோரில் வேறு நஞ்சுகள் இருக்கின்றன. ‘நஞ்சு, தொடாதே’ என்பதில் அலங்காரத்துக்கு வேலையில்லை. நேரான எழுத்து, அகலமான இடைவெளி, தெளிந்த புள்ளி, இவை போதும். தடிப்பு வேண்டுமானால் சுழி அடைபடாத அளவுக்கு இருக்கலாம்.

அச்சகத்தில் மாதிரித்தாள் ஒன்று கேட்டு வாங்குங்கள். சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, வீட்டில் மெதுவாகப் படிப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்தச் சொல்லில் நிற்கிறாரோ அந்தச் சொல்லை நிமிர்த்தி அடிக்கச் சொல்லலாம்.