பூ வைக்கக் கூடாத அறை

மதுரையில் இருந்துகொண்டு மல்லிகைப்பூ வைக்காமல் வேலைக்குப் போகிறவள் நான். சென்ட், நெயில் பாலிஷுக்கும் தடைதான். கருத்தரிப்பு மையத்தில் எம்ப்ரியாலஜிஸ்ட் வேலை. லேபுக்குள் வரும் காற்றுகூடக் கரி வடிகட்டியைத் தாண்டித்தான் வரும். இன்குபேட்டரில் 37 டிகிரி சூட்டில் ஐந்து நாள் வளரும் கருவுக்கு வாசனைப் பொருட்களின் ஆவி ஆகாது.

அந்த அறையை ஒட்டிய ஜன்னலில் விந்து மாதிரி வாங்குவோம். சில நாள் குப்பி வருவதற்கு முன்பே பீடி வாடை வந்து நிற்கும்.

போன மாதம் வந்தவர் லாரி ஓட்டுகிறவர். கல்யாணமாகி ஆறு வருடம். மனைவி கையில் இரண்டு கனத்த ஃபைல். எல்லாமே அந்தப் பெண்ணுக்கு எடுத்த டெஸ்ட். அவருக்கு இதுதான் முதல் டெஸ்ட். "பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டுதான் மேடம்," என்றார். விந்து உயிரணுக்களை மானிட்டரில் காட்டினேன். "நல்லாத்தானே ஓடுது?" என்றார். உற்றுப் பார்க்கச் சொன்னேன். பாதிக்கு மேல் அசையவில்லை. அசைந்தவற்றிலும் பல, செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. நூற்றுக்கு 42 உயிரணுக்களாவது அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ் எல்லை. இவருக்கு 29.

மானிட்டரில் தெரியாத சேதம் ஒன்று உண்டு. புகையிலுள்ள காட்மியமும் மற்ற நச்சுகளும் உயிரணுவின் தலைக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையை அறுக்கும். முதிர்ந்த உயிரணுவால் அதை ஒட்டுப் போட முடியாது. உள்ளே போனபின் கருமுட்டைதான் தன்னால் முடிந்தவரை சரிசெய்கிறது. (அங்கேயும் வேலை அவளுக்குத்தான்!) முதல் இரண்டு மூன்று நாள் கரு, முட்டையில் இருக்கும் சேமிப்பை வைத்தே வளரும். அதன்பிறகுதான் கருவின் சொந்த ஜீன்கள், அப்பா கொடுத்தவையும் சேர்ந்து, முழுதாக வேலையைத் தொடங்கும். மூன்றாம் நாள் எட்டு செல்லோடு அழகாக இருந்த கரு ஐந்தாம் நாள் அப்படியே நின்றுபோனதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பீடியைக் குற்றம் சொல்ல மாட்டேன். வயது உண்டு, வேறு காரணங்களும் உண்டு.

பெண்களுக்குக் கணக்கு வேறு. கருமுட்டைகள் பிறக்கும்போதே கொண்டுவந்த இருப்பு. புகை அதை வேகமாகக் கரைக்கும். புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒன்று முதல் நான்கு வருடம் முன்பே நின்றுவிடுகிறது. கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் பதியும் ஆபத்தும் கூடும். 'நம்ம வீட்டுப் பெண்கள் யார் பிடிக்கிறார்கள்?' என்பீர்கள். பக்கத்தில் ஒருவர் ஊதினாலே போதும். நிகோடின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினின் என்ற பொருள், புகையே பிடிக்காத பெண்களின் முட்டையைச் சுற்றியுள்ள நீரிலும் கிடைத்திருக்கிறது.

கரைந்த முட்டை திரும்பாது. உயிரணு மட்டும் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும். ஒன்று உருவாகச் சுமார் 72 நாள். அதனால்தான், "அடுத்து எப்ப வரட்டும் மேடம்?" என்று கேட்ட அந்த லாரி ஓட்டுநரிடம், "மூணு மாசம் கழிச்சு, பீடி இல்லாம வாங்க" என்றேன்.

விடச் சிரமப்படுகிறவர்கள் 1800-11-2356 என்ற எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அந்த எண்ணை அச்சடித்திருக்கிறார்கள்.